பந்தி முடியுமுன் அடுக்கிய நாற்காலிகள்

வடசென்னை டோல்கேட் பக்கம் சில மாதங்களாக ஒரு பேச்சு. பந்தலும் சேரும் வாடகைக்கு விடும் நசீர், மகள் பன்னிரண்டாவது பாஸ் பண்ணியதற்கு விருந்து வைத்தாராம். அவளைப் பார்க்க வந்த தோழிகளுக்குச் சோறு போடாமல் துரத்திவிட்டாராம். இது டீக்கடையில் சொல்வது. சலூனில் பிரியாணி பத்தவில்லை, அதனால்தான் துரத்தினார் என்றார்கள். மீன் மார்க்கெட்டில், அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த சேரையே உருவினாராம். பேச்சு வண்ணாரப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அவர் கையில் ஒரு கரண்டியும் முளைத்திருந்தது.

விசாரித்தால், பிரியாணி மீந்துபோயிருக்கிறது. அதுவும் அரை தேக்சா, பெரிய அண்டாவில் பாதி. நசீருக்கு இன்றுவரை தொண்டையில் நிற்பது அந்த அரை தேக்சாதான். பத்தாமல் போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும்.

நசீரை அந்தப் பக்கம் அறியாதவர் கிடையாது. ராயபுரத்தில் ஒரு பந்தல் கடையில் கம்பம் ஏறிக் கயிறு கட்டியவர், பிறகு சொந்தமாகக் கடை போட்டார். காதுகுத்து, கல்யாணம், சாவு, எல்லாக் கட்சிக் கூட்டம் என்று ஊரே அவர் சேரில்தான் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. எந்தத் தெருவில் சேர் கால் உடைந்து வரும், எந்தத் தெருவில் கழுவித் தருவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆட்களைப் பார்ப்பதைவிட ஆட்கள் எழுந்துபோன சேரைப் பார்த்தே பழகிய கண். அவருடைய நிக்காஹ் அன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். மனுஷன் பட்டு ஜிப்பாவோடு வண்டியிலிருந்து சேர் இறக்கிக்கொண்டிருந்தார். மனைவி கௌசர் இதைச் சொல்லாத விசேஷம் இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். நசீரும் சிரிப்பார், நின்றுகொண்டே.

மகள் ஃபிர்தௌஸ் பாஸானது லேசான காரியமில்லை. பரீட்சைக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். புத்தகத்தைப் பிடிக்கத் தெம்பில்லை. எர்ணாவூரிலிருந்து சிவந்தி என்ற வகுப்புத் தோழி தினமும் சாயங்காலம் போன் போட்டுப் பாடத்தை முழுக்கப் படித்துக் காட்டினாள். போனை ஸ்பீக்கரில் தலைமாட்டில் வைத்திருப்பார்கள். கடையிலிருந்து வந்து கால் கழுவும் நசீருக்கு உயிரியல் பாடத்தில் பாதி அந்தக் குரலிலேயே மனப்பாடம். குரல்தான் தெரியும். முகம் பார்த்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்று நசீர் முடிவு கட்டினார். "ஊருக்கெல்லாம் பந்தல் போட்டேன். என் பொண்ணுக்கு ஒண்ணு போட மாட்டனா?"

ஃபிர்தௌஸ் கேட்டது ஒன்றே ஒன்று. "பேனர் வேணாம் அத்தா, கேக் வேணாம். சிவந்தியும் எங்க செட்டும் வருவாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து துன்னணும். இதுக்கப்பறம் யாரு எங்க போவோமோ தெரியாது."

"அவ்ளோதான? ராணி மாதிரி உக்கார வெக்கிறேன்" என்றார் நசீர்.

பேனரும் வந்தது, கேக்கும் வந்தது. பேனரில் ஃபிர்தௌஸ் அடையாளம் தெரியாத சிவப்பாக இருந்தாள். மாமன்மார் கறுப்புக் கண்ணாடியில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தி மக்ரிபு தொழுகை முடிந்ததும் சந்து நிறையக் கூட்டம். பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் வீடு ஏறி அழைத்திருந்தார். அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், பல் குத்திக்கொண்டே பிரியாணியைப் புகழ்ந்தார்கள், போனார்கள். சிவந்தி செட்டை மட்டும் காணோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, பஸ் அதன் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நசீருக்கு மாத்தூரிலிருந்து போன். மறுநாள் விடிகாலை வளைகாப்பு, வேறு கடைக்காரன் கையை விரித்துவிட்டான், நூறு சேர் வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

"இன்னிக்காவது உக்காருங்களேன்" என்றாள் கௌசர்.

"உக்காந்துகினுதான் கீறேன்" என்று சொல்லிவிட்டு அவர் முதல் சேரை எடுத்து இரண்டாவதன் மேல் கவிழ்த்தார்.

அவரிடம் மீன்பாடி வண்டி மிதிக்கும் சின்னப்பையன், பேர்தான் அப்படி, பேரன் பேத்தி எடுத்தவர், அவரே கேட்டார்: "இன்னா பாய், நம்ம வூட்டு பங்ஷனுக்கேவா?"

"பந்தி முடிஞ்சிச்சி மாமு. காலி சேரு கெடந்தா எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மாடியில் ஃபிர்தௌஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வருகிறார்களாம், டோல்கேட் தாண்டிவிட்டார்களாம். தலையைச் சரிசெய்துகொண்டாள். கீழே ஒரு பக்கத்துச் சாமியானா இறங்கியது, சீரியல் பல்பு அணைந்தது, சேர்கள் கோபுரமாக வண்டியில் ஏறின. நசீர் முன்னால் நடந்து வழிவிடச் சொல்ல, சின்னப்பையன் வண்டியைச் சந்து முனைக்கு மிதித்தார். முனையில் சில பெண்கள் வியர்த்துப் போய் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பொட்டலம்.

"கொஞ்சம் நவுருங்கம்மா. சேரு இடிச்சிரப் போவுது."

அவர்கள் ஒதுங்கினார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சிவந்தி ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை பேசியிருந்தால் நசீர் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தியிருப்பார்.

வண்டியை அனுப்பிவிட்டு அவர் திரும்பியபோது ஃபிர்தௌஸ் வாசலில் நின்றிருந்தாள். "சேரு எங்க அத்தா?"

"ஏத்திட்டேன்மா" என்றார், வேலையை முடித்தவர் சொல்கிற மாதிரி.

அவள் போன் போட்டாள். பழக்க தோஷம், ஸ்பீக்கரில். நசீருக்குத் தெரிந்த அதே குரல்.

"முடிஞ்சிச்சின்னு நெனச்சோம் டி. பந்தல் அவுக்கறப்போ உள்ள வந்தா சோத்துக்கு அலையற மாதிரி இருக்காது? கிஃப்ட்ட டீக்கடையில குடுத்திருக்கோம். வாங்கிக்கோ."

"யாராவது போகச் சொன்னாங்களா?"

"சேச்சே. ஒருத்தரு நவுருங்கன்னாரு, அவ்ளோதான். யாரோ பந்தல்காரரு."

ஃபிர்தௌஸ் அத்தாவைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாண்டி" என்றாள். "பந்தல்காரரு."

அவர்கள் திரும்பி வர மறுத்துவிட்டார்கள். நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள். அரை தேக்சாவை நசீர் வீடு வீடாகக் கொடுத்தார். கொடுத்த வீடுகளிலிருந்துதான் பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சை அவர் மறுப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. "துரத்துனியாமே நைனா" என்று யாராவது சீண்டினால், "ஆமா, இப்ப இன்னா?" என்று போய்விடுகிறார். முன்கோபக்காரன் என்று பேர் எடுத்துவிட்டுப் போகலாம். மகளின் விருந்தாளிகளைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் ஓரம் கட்டியவன் என்பதை எந்தச் சலூனில் உட்கார்ந்து சொல்வது?

ஒருநாள் டிபன் கேரியரில் பிரியாணி கட்டிக்கொண்டு எர்ணாவூர் போனார். சிவந்தி நர்சிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு ஊர். சிவந்தியின் அம்மா வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா. இதுக்குப் போயி இவ்ளோ தூரமா? பசங்க அப்பவே மறந்துட்டிருக்கும்." நசீர் உட்கார்ந்தார். அந்த அம்மா டீ கொண்டுவந்தாள், கொசு விரட்டினாள், மின்சாரம் போய் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

கேரியரை அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஃபிர்தௌஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க அம்மா துன்னா அவ துன்ன மாதிரியா? எல்லாரும் ஒண்ணா வந்து துன்னட்டும். அப்பறம் அந்த கிஃப்ட்டப் பிரிக்கிறேன்."

டீக்கடையிலிருந்து வாங்கிவந்த பொட்டலம் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. கௌசர் அதைச் சுற்றித் துடைக்கிறாள். கல்லூரியிலிருந்து மகள் வந்ததும் நசீர் கேட்கிறார்: "அந்தப் பொண்ணு லீவுக்கு வந்துச்சா?"

"தெரியல அத்தா."

போன வாரம் வெயிலுக்குப் பொட்டலத்தின் ஒரு மூலையில் ஒட்டியிருந்த டேப் தானாக விட்டுக்கொண்டது. உள்ளே மரச்சட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது. நசீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புது டேப் வாங்கிவந்து அந்த மூலையை மறுபடி ஒட்டிவைத்தார்.