கால் பட்டால் கும்பிடு

பதுளை விளையாட்டரங்கில் அன்று காலையிலிருந்து கலாராணிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பிரேசிலிய ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் இரண்டு தடவை தேசியத் தங்கம் வாங்கியவள். தான் மோதிய நாட்களில் இப்படிப் பயந்ததே இல்லை. இன்று மோதப்போவது அவளுடைய மாணவி, பதினான்கு வயது விஜயலெட்சுமி.

கொழும்பில் தையல் வேலைக்குப் போன இடத்தில் கலாராணி கற்றுக்கொண்ட வித்தை இது. சொந்த ஊரான நமுனுகுலவுக்குத் திரும்பியதும், தேயிலைத் தோட்டத்தில் பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மெத்தை விரித்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாள். பஸ்ஸில் கை வைக்கிறவனை எப்படிக் கீழே சாய்ப்பது என்பதுதான் முதல் பாடம். அவளுடைய அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். தாய்மாருக்குத்தான் பிள்ளைகளுக்கு அடிபடுமோ என்று பயம்.

விஜியின் அம்மா ரெங்கம்மா நேராகவே சொல்லியிருந்தாள்: "எம்புள்ள கையில ஒரு சுளுக்கு விழுந்தாலும் அத்தோட நிறுத்திருவேன் கலா. மத்தவங்களும் என்னையப் பாத்துத்தான் இருக்காங்க."

அவள் நிறுத்தினால் வகுப்பே படுத்துவிடும். அது கலாராணிக்குத் தெரியும், விஜிக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. விஜி, எதிரே மோத வந்த கொழும்புப் பெண்ணை அமுக்கிப் பிடித்துவிட்டாள். கலாராணி மூச்சுவிடப் போன நேரம், விஜியின் பாதம் அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டது. அவ்வளவுதான், பிடியை விட்டாள், நெற்றியைத் தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று ரெங்கம்மா முதுகில் போட்டுப் பழக்கியது. கலாராணி ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் அது போகவில்லை. கலாராணியின் முதல் தோல்வியும் இதே கும்பிடால்தான்.

கொழும்புப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. விஜியின் கையைப் பிடித்து நீட்டி முறுக்கினாள். வலித்தால் மெத்தையில் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி, தட்டாவிட்டால் முழங்கை போய்விடும். விஜி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தட்டினால் கை வலிப்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவாள் என்ற பயம்.

"தட்டு விஜி, தட்டு!" கலாராணி கத்தினாள்.

பார்வையாளர் பக்கமிருந்து அதைவிடப் பெரிய குரல் கேட்டது. "அடியே, தட்டித் தொலைடி!" ரெங்கம்மா எழுந்து நின்றிருந்தாள்.

விஜி தட்டினாள்.

முழங்கை லேசாக வீங்கியிருந்தது. சுளுக்குத்தான். கலாராணி விஜியை ரெங்கம்மாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பன்னிரண்டு பிள்ளைகளும் கண்முன் வந்து போனார்கள்.

ரெங்கம்மா வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"கால் பட்டா கும்பிடத்தான் வேணும். ஆனா அடுத்த தடவ, சண்ட முடிஞ்சப்புறம் கும்பிடு."