மெயின்லேண்ட் டீம் வந்தால் ஒரே கேலரி

போர்ட் பிளேரில் நான் படித்த காலத்தில் கால்பந்து என்றால் இரண்டு கல்லூரிகள்தான். ஒன்று எங்களுடையது. மற்றது மரைன் ஹில் பிள்ளைகள் அதிகம் படித்த கல்லூரி. மைதானத்தில் கிழக்குக் கேலரி எங்களுக்கு, மேற்குக் கேலரி அவர்களுக்கு. ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் கரித்துக்கொட்டுவோம். ஆனால் மெயின்லேண்டிலிருந்து ஒரு கல்லூரி டீம் கப்பலேறி வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். அவர்களை எதிர்த்து எங்கள் இருவரில் யார் ஆடினாலும், தீவுக்காரர்கள் அனைவரும் மேற்குக் கேலரியில் ஒன்றாக உட்கார வேண்டும். ஆட வாய்ப்பிழந்த கல்லூரிதான் முதல் கோஷத்தை எழுப்ப வேண்டும். அதுதான் மரியாதை என்பார்கள். யாருக்கு மரியாதை என்று நான் அப்போது கேட்கவில்லை.

எங்கள் கேலரியில் கோஷம் எழுப்புகிறவள் நான். அப்பா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கலாசி. போட் அணையும்போது கயிற்றைப் பிடித்து இரும்புக் கட்டையில் மாட்டுவதும், கிளம்பும்போது அவிழ்த்து வீசுவதும் அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் லீவ் லெட்டரை நான்தான் எழுதிக்கொடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைத்ததில்லை.

மேற்குக் கேலரிக்கு அப்பாவின் வேலை எப்படியோ தெரிந்துவிட்டது. நான் கோஷம் போட எழுந்தால் அவர்கள் நூறு பேர் எழுந்து, காற்றில் கயிறு சுழற்றி என் பக்கம் வீசுவதுபோல் நடிப்பார்கள். “ஏ கலாசி, ரஸ்ஸா பேங்க்!” கயிற்றை வீசு என்று அர்த்தம். நான் குரலைக் குறைத்ததில்லை. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இதற்குப் பயந்தே அப்பாவை ஒருநாளும் மைதானத்துக்கு அழைத்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் அவர்களிடம் தோற்றோம். அடுத்த வாரமே மெயின்லேண்ட் டீம் வந்து இறங்கியது. எதிர்த்து ஆடப்போவது எங்களை வென்ற மேற்குக் கேலரிக் கல்லூரி. முதல் கோஷம் என் பொறுப்பு. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர்கள் கேலரியின் தலைவன் எங்கள் கேன்டீனுக்கே வந்துவிட்டான். ஒரு கான்ட்ராக்டரின் மகன், தமிழ்ப் பையன்தான்.

“என்ன தோஸ்த், மேட்சுக்கு வரலையாமே? உன் தொண்டை இல்லாம எங்க பசங்க கத்தினா கொசு பாடற மாதிரி இருக்கு.”

“கயிறு வீச நூறு பேர் இருக்கீங்கல்ல? அவங்களையே கத்தச் சொல்லு.”

“அரே, அது சும்மா மஸாக், விளையாட்டு.”

“எங்கப்பா வேலை உனக்கு மஸாக்கா?”

அவன் டீ கிளாஸைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “சரி. இனிமே யாரும் செய்ய மாட்டாங்க. என் பேச்சை மீற மாட்டாங்க.”

“கசம்?”

“கசம்” என்று தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

நம்பினேன். அதோடு நின்றிருக்கலாம். அன்று மாலையே அப்பாவிடம் போய், மேட்ச் பார்க்க வாங்க என்றேன்.

ஆட்டத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் கோஷத்தை நான் எழுப்பினேன். இரண்டு கல்லூரியும் சேர்ந்து திருப்பிச் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. போன வாரம் நான் திட்டித் தீர்த்த அதே ஃபார்வர்டு கடைசி நிமிடங்களில் ஒரு கோல் அடித்தான். அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா டியூட்டி சட்டையோடு வேலி ஓரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியதும் அந்தத் தலைவன் படிமேல் தாவி ஏறினான். “ஜெயிச்சது யாரால? நம்ம கலாசிக்கு ஒரு சலாம்!” என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கயிறு சுழற்றி வீசினான். அவன் ஆட்கள் எழுந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் எங்கள் கல்லூரியும் எழுந்து வீசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த என் தோழியும்தான்.

“எதுக்குடி முறைக்கிற? இன்னிக்கு எல்லாரும் ஒண்ணுதானே?”

இரண்டு கல்லூரிகளும் அன்றைக்குப் பிசகாமல் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். பிறகு தன் கையைப் பார்த்தபடி சொன்னார்.

“கயிறை அப்படி வீசக் கூடாது பாப்பா. கையை நல்லா முன்னாடி விடணும். இல்லன்னா தண்ணியில விழுந்துரும்.”

“சரிப்பா.”

“படிக்கிற பிள்ளைங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்.”

நானும் படிக்கிற பிள்ளைதான். அதன் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டும் எங்கள் கல்லூரி தோற்றது. மறுபடியும் மெயின்லேண்ட் டீம், மறுபடியும் முதல் கோஷத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தீவு மானம் என்றார்கள். போனேன். காலியாகக் கிடந்த கிழக்குக் கேலரியில், மெயின்லேண்ட் டீமின் மாற்று ஆட்டக்காரர்களுக்கு மேலே தனியாக உட்கார்ந்தேன். மெயின்லேண்ட் டீம் முதல் கோல் போட்டதும் எழுந்து நின்று கைதட்டினேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை. கை வலித்ததுதான் நினைவிருக்கிறது.

எதிர்க் கேலரி “துரோகி!” என்று கூவியது. என் தோழியும் கூவியிருப்பாள். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

யாரும் கயிறு வீசவில்லை. அந்த வசவு எனக்கு மட்டும்தான், அதில் அப்பா இல்லை. அதனால் உட்காராமல், கைதட்டிக்கொண்டே நின்றேன்.