கல் உடைந்தபோது மதினி கூப்பிடவில்லை

அன்று தாராவியில் எங்கள் கல்லியில், இந்தச் சந்தில், இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

அண்ணன், வண்டிக்கு அடியில். நான், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலியில், மடியில் ஸ்பேனர்கள். அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, வீட்டுக்குள் அடுப்படியில். அவர்கள் மகள், மேல் அறையில், தூக்கத்தில். எதிரே தோல்பை பட்டறை வைத்திருக்கும் பாய், பட்டறை வாசலில். அக்காவின் கணவர், கல்யாணில் இருக்கும் அத்தான், வண்டிக்குச் சொந்தக்காரர். அவர் சாயா குடிக்க முனைக்குப் போயிருந்தார்.

மான்குர்த்தில் இருக்கும் எங்கள் மாமா இல்லை. மற்ற சொந்தக்காரர்கள் ஒருவரும் இல்லை. அன்று நடந்ததை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த இல்லாதவர்கள்தான்.

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுது. விதின்னு முடிச்சிரு" என்றார் மாமா. நான் நான்காம் வகுப்பு வரைதான். நல்லதாக எழுத வராது. கண்ணால் பார்த்ததை எழுதி, வீட்டில் யாருக்கும் காட்டாமல் அச்சகத்தில் கொடுத்தேன்.

அண்ணன் பிறந்தது நாங்குநேரிப் பக்கம். கைக்குழந்தையாகத் தாராவிக்கு வந்தார். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. அப்பா இறந்தபோது அண்ணன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. மாட்டுங்காவில் ஒரு கேரேஜில் சேர்ந்தார். பிறகு டாக்ஸி ஓட்டினார். பிறகு செம்பூரில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அக்காவுக்கும் எனக்கும் கல்யாணம் செய்து வைத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது, பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து என் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களின் வண்டிகள் வாசலுக்கு வந்துவிடும். ஒன்றும் புதிய வண்டி இல்லை. கேரேஜ்காரன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய வண்டிகள். அண்ணன் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். காலையில் நிற்கிறதா, சூடான பிறகு நிற்கிறதா, நின்றால் எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கை வைப்பார்.

மாமாவின் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. கார்புரேட்டரை இரண்டு பேர் மாற்றிவிட்டார்கள். அண்ணன் அதன் பக்கமே போகவில்லை. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போனது. மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று மாமா மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தார்.

"மாமா, வண்டிக்கு மூச்சு முட்டுது. உம்ம மூஞ்சியில இதைக் கட்டிட்டு நடந்து பாரும்" என்றார். கல்லியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஓசியில் ஓட்டிக்கொண்டு போனார்.

பிரேக்கில் காற்று எடுக்கும்போது பெடலில் நான். மிதி என்றால் மிதிப்பேன். பிடி என்றால் பிடிப்பேன். எங்களுக்குள் அதிகம் பேச்சு கிடையாது.

வண்டிக்கு முட்டுக்கொடுக்க அண்ணன் மரக்கட்டைகள் வைத்திருந்தார். பழைய கட்டடத்து உத்திரத்தை வாங்கி, தானே அறுத்து, தாரில் முக்கியது. ஜாக்கை நம்பி அவர் ஒருநாளும் வண்டிக்கு அடியில் போனதில்லை. ஜாக் தூக்குவதற்கு, கட்டை தாங்குவதற்கு என்பார்.

அண்ணன் போவதற்கு முந்தைய மழையில் மான்குர்த்தில் மாமா வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நம் ஆட்கள் மழைக்கு முன் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் உயர்த்தி வைப்பது வழக்கம். மாமா வந்து அந்தக் கட்டைகளைக் கேட்டார். அண்ணன் கொடுத்தார். மழை முடிந்தது. கட்டை வரவில்லை. அண்ணன் போன் செய்தார். அடுத்த வாரம் என்றார் மாமா. அடுத்த வாரமும் அதையே சொன்னார். "ஒரு கட்டைக்கு இந்தப் பாடா?" என்று மாமி பின்னாலிருந்து சொன்னது எனக்கே கேட்டது.

அந்த ஞாயிறு அத்தான் வண்டியோடு வந்தார். கிளட்ச் போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அடியில் படுத்தால்தான் முடியும். மறுநாள் புனேயில் ஒரு நிச்சயதார்த்தம், இன்றைக்கே வேண்டும் என்றார். கட்டை இல்லை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார் அண்ணன். கல்லியில் பதிக்கக் குவித்திருந்த பேவர் பிளாக் சிமென்ட் கற்களை அத்தான் தூக்கி வந்தார்.

"இது கல்லு மச்சான். மரத்தைவிடப் பலம்."

"மரம் நசுங்கும். நசுங்கும்போது சத்தம் கொடுக்கும். இது சொல்லாம உடையும் வே."

"கட்டை இல்லேன்னா படுக்க மாட்டீரோ? கொழுந்தியா, உங்க அண்ணனுக்குத் தலையணையும் கொண்டு வந்து கொடு."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்துவிட்டு, கற்களை அடுக்கி, ஜாக்கை எடுத்துவிட்டு, உள்ளே போனார்.

எனக்கு அண்ணன் மேலும் கோபம். இறந்தவரை அப்படி எழுதக் கூடாது என்பார்கள். எழுதுகிறேன். கல் உடையும் என்று அவருக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. சொந்தக்காரன் வாசலில் வந்து நின்றால் அவர் வாயில் அந்தச் சொல் வராது. அது வராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது மதினி விஷயம்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மாமா சொன்னார்: "அவ சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. இவன் பதறி எந்திரிச்சு வண்டியில இடிச்சிருக்கான். பொம்பளைக்கு நேரம் காலம் தெரியாண்டாமா?" அத்தான் பக்கத்தில் நின்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் கல்யாண் வரை அந்தப் பேச்சு போய்விட்டது.

மதினி கூப்பிட்டது உண்மை. "சோறு ஆறுது" என்றார். அப்போது அண்ணன் வெளியே நின்று கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க சாப்பிடுங்க, இத முடிச்சிட்டு வாரேன்" என்று பதிலும் சொன்னார். அத்தான் சாயா குடிக்கக் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் அண்ணன் அடியில் போனார். இரண்டு போல்ட் கழற்றி என் கையில் கொடுத்தார். மூன்றாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. பெரிய ஸ்பேனர் கேட்டார். கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்தார். இடது பக்கக் கல் உடைந்தது. மரம் உடைவதுபோல் சத்தம் வரவில்லை. மண்பானையை வைத்த இடத்திலேயே அமுக்கியதுபோல் இருந்தது. அப்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பாய் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மாவா உதிர்ந்து போச்சேம்மா" என்றார்.

நான் சொல்லாமல் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "உனக்கு அதிர்ச்சியில ஞாபகம் இருக்காது" என்றார். அத்தானிடம் சொன்னேன். "விடு, போனவரு திரும்பி வரவா போறாரு" என்றார்.

மதினி இப்போது அதை நம்பத் தொடங்கிவிட்டார். மகளைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து தோளைத் தொடுகிறார். மேல் அறையில் இருந்தாலும் ஏணி ஏறிப் போய்த் தொட்டுவிட்டு இறங்குகிறார். குக்கர் சத்தத்துக்கு நடுவில் என்னைக் கத்திக் கூப்பிடும் மனுஷி அவர். ஒரு வருடமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. அண்ணன் போனது கல்லால். இதை நீங்கள் பேசிப் பேசிச் செய்தீர்கள்.

போன மாதம் மான்குர்த் போனேன். ஃபிரிட்ஜ் அந்தக் கட்டைகளின் மேல்தான் நிற்கிறது. மாமி அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அக்கா என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும். மாமா இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அதனால் மலர்களை நானே கையால் கொடுக்கிறேன்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். வண்டியைத் தூக்க ஓடி வந்தவர்களுக்கு நன்றி. பட்டறைப் பாய். அவரிடம் வேலை செய்யும் பீகார் பையன்கள் நான்கு பேர். இஸ்திரி போடுகிறவர். இட்லி வண்டிக்காரர், இட்லியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கல்லி வாயிலில் நின்ற டெம்போ டிரைவரும் அவருடைய கிளீனரும். வெறும் கையால் தூக்கினார்கள். சிலர் கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. கல் கிடந்த கிடையை எல்லோரும் பார்த்தார்கள். மதினி கூப்பிட்டதால்தான் அண்ணன் இறந்தார் என்று இனியும் சொல்ல நினைப்பவர்கள் எங்கள் கல்லிக்கு வந்து இவர்கள் முன்னால் சொல்லுங்கள். எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஒன்பது பேர்.