இடது கைக்கு ஒரு வேலை

எங்கள் ஆபீசுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது நான் டைப்பிஸ்டாகி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீஸ் அது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு அங்கே சேர்ந்தவள் நான். என் தாளில் ரப்பர் பட்ட இடத்தைக் காட்டினால் காபி வாங்கித் தருகிறேன் என்று மேனேஜரே வந்தவர்களிடம் பந்தயம் கட்டுவார்.

கம்ப்யூட்டர்களுக்காகக் கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு அறை கட்டினார்கள். அதற்கு மட்டும் ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலுக்குப் போவதுபோல வெறுங்காலோடு போய் உட்கார்ந்தோம், மூன்று பேர். மற்ற இருவரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். ஒருவர் பெரிய மீசைக்காரர், இன்னொருவர் வாயே திறக்காதவர். மெஷின் விற்ற கம்பெனி, சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணை இரண்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தது.

எழுத்துகள் எனக்குப் பிரச்சினையாக இல்லை. டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. பிரச்சினை வரி முடிகிற இடத்தில் வந்தது. டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். உடனே இடது கையைத் தூக்கி, மேலே இருக்கும் லீவரைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினால்தான் அடுத்த வரி. இருபத்திரண்டு வருடம் அந்தக் கை இதை எத்தனை ஆயிரம் தடவை செய்திருக்கும்! இப்போது மணியும் இல்லை, லீவரும் இல்லை. ஆனாலும் வரி முடியும்போது கை தானாக எழுந்துபோய் திரைப் பெட்டியின் பக்கவாட்டில் 'டொக்' என்று மோதியது.

"மேடம், வரி அதுவா அடுத்த வரிக்குப் போயிடும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றாள் சொல்லிக்கொடுக்க வந்த பெண்.

எனக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

இரண்டு நாளில் கண்ணாடி வளையல் நாலு உடைந்தது. வளையலைக் கழற்றி வைத்தேன். விரல் முட்டி சிவந்தது. தினமும் அறையைத் துடைக்க வருகிற அக்கா ஒருநாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, யாரையோ அறையப் போறாப்ல கையத் தூக்கிக்கினே கீற?"

மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பஸ்ஸில் மயிலாப்பூர் போய் இறங்கும்வரை முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது வாரம் மானம் போனது. மேனேஜர் எங்கள் முன்னேற்றத்தைப் பார்க்க வந்து என் இடப்பக்கம் நின்றார். பதற்றத்தில் வேகமாக அடித்தேன். வரி முடிந்தது. கை கிளம்பியது. பக்கத்தில் இருந்த ஃபிளாப்பி டப்பாவை அப்படியே வாரி அடித்தது. பத்துப் பன்னிரண்டு ஃபிளாப்பிகள் அறை முழுக்கச் சிதறின. ஒன்று மேனேஜரின் வெறுங்கால் மேலேயே போய் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மாலையில் தன் அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இத்தனை வருஷப் பழக்கம்மா. மாத்துறது கஷ்டம்தான். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. சரிப்படலைன்னா தபால் பிரிவுக்கு மாத்திடறேன். ஸ்டாம்ப் ஒட்டற வேலை, டென்ஷன் இல்லாம இருக்கலாம்."

தபால் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு மேஜை. நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ராத்திரிச் சமையலுக்குப் பீன்ஸ் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கையை மேஜையோட சேத்துக் கட்டிப் பாரேன்" என்றார்.

"ரெண்டு கையாலதானே அடிக்கணும்?"

"ஆமா இல்ல?" என்று சொல்லிவிட்டு பீன்ஸைத் தொடர்ந்தார். பிறகு அவரே ஆரம்பித்தார். "நீ என்னை மாத்தினியே, அது மாதிரி ஏதாவது பண்ண முடியாதா?"

அவர் சொன்னது ஃபேன் விஷயம். கல்யாணமான புதிதில் அவர் வெளியே கிளம்பும்போது ஃபேனை அணைக்கவே மாட்டார். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டேன், சுவரில் எழுதிக்கூட ஒட்டினேன். எதற்கும் அசையவில்லை. ஆனால் ஸ்கூட்டர் சாவியை ஒரு நாளும் மறக்கமாட்டார் என்பதைக் கவனித்தேன். ஃபேன் சுவிட்சுக்கு நேர் கீழே ஒரு ஆணி அடித்து சாவியை அதில் மாட்டிவிட்டேன். சாவியை எடுக்கப் போகிற கை சுவிட்சையும் தட்டிவிட்டு வந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வீட்டில் நான் செய்வது எல்லாமே இப்படித்தான். பாலை அடுப்பில் வைத்தால்தான் அரிசி களைய ஆரம்பிப்பேன். அடுப்பை விட்டு நகர முடியாது, பால் பொங்கி வழியாது. அடுக்களை விளக்கை அணைக்கும் கைதான் சிலிண்டரையும் மூடும். புதுப் பழக்கத்தைத் தனியாக நிற்க வைத்தால் நிற்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் தோளில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும்.

ஆக, நான் தேட வேண்டியது கையை அடக்கும் வழியை அல்ல. அது சும்மா இருக்காது. வரி முடிந்தால் ஏதாவது செய்தே தீரும். அதற்கு என்ன வேலை கொடுக்கலாம்?

அப்போதுதான் அந்தப் பெண் வகுப்பில் தினமும் தலைப்பாடாக அடித்துக்கொண்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. "அடிக்கடி சேவ் பண்ணுங்க. பண்ணலைன்னா கரண்ட் போனா எல்லாம் போச்சு." டைப்ரைட்டரில் அடித்த எழுத்து தாளில் நிற்கும். கம்ப்யூட்டரில் அடித்தது, சேவ் செய்யும்வரை, தண்ணீரில் எழுதின மாதிரி. நாங்கள் மூன்று பேருமே அதை மறந்துகொண்டிருந்தோம். அதற்கு அழுத்த வேண்டியது இரண்டு பட்டன்கள். கண்ட்ரோல், எஸ். கண்ட்ரோல் இடது சுண்டு விரலின் கீழே. எஸ் இடது மோதிர விரலின் அடியிலேயே.

இரண்டுமே இடது கை!

"என்னங்க, பழைய காலண்டர் அட்டை எங்க?" என்று கத்தினேன்.

அவர் ஸ்கேல் வைத்து, கணக்கு வாத்தியாருக்கே உரிய சுத்தத்தோடு, அட்டையின் பின்பக்கம் கீபோர்டு வரைந்தார். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துப் பழகினேன். அவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார், நான் அட்டையில் அடிப்பேன். அட்டையில் வரி முடிவது தெரியாதே, அதனால் வாக்கியம் முடியும்போது அவர் "டிங்" என்பார். கை எழும். "மேல இல்ல, கீழ!" என்பார். கையைத் திருப்பி இறக்கி, கண்ட்ரோல், எஸ். குக்கர் விசில் விடும், "டிங்" சத்தமும் கேட்கும். ஒருநாள் மேல் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "உங்காத்துல என்ன பூஜையா?" என்று கேட்டார்.

நான்கு நாள் கை பாதி தூரம் எழுந்து திரும்பியது. ஐந்தாம் நாள் கால்வாசி. பத்தாம் நாள் அது மேலே போகும் வழியையே மறந்துவிட்டது. முற்றுப்புள்ளி வைத்தால் போதும், சுண்டு விரலும் மோதிர விரலும் தானாக அழுந்தின.

ஆபீசில் மீசைக்காரர் இதைக் கவனித்துவிட்டார். "மேடம், வரிக்கு வரி சேவ் பண்றீங்க. டிஸ்க் தேஞ்சிடப் போவுது."

"தேஞ்சா நான் புதுசு வாங்கித் தரேன்பா" என்றேன்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தபோது ஒரு பெரிய கம்பெனியின் அறிக்கை வந்தது. மாலை ஆறு மணிக்குள் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும். மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்கும் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்குக்கூட ஒவ்வொருவராக எழுந்து போய் வந்தோம். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பெட்டி ஒன்று இருந்தது. அது பழுதாகி சர்வீசுக்குப் போயிருந்தது.

மூன்று மணி சுமாருக்கு ஏ.சி.யின் இரைச்சல் சட்டென்று நின்றது. மூன்று திரைகளும் ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கறுத்தன.

"சேவ் பண்ணினீங்களா?" என்றார் மேனேஜர், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து.

மீசைக்காரரின் முகம் வேர்த்துவிட்டது. "சாப்பாட்டுக்குப் போறப்ப பண்ணேன் சார். அதுக்கப்புறம்..."

"நீங்க?"

பேசாதவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் காலையிலிருந்தே செய்யவில்லை.

மேனேஜர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. சேவ் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, கைதான் செய்துகொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கம்ப்யூட்டர் எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் மயிலாப்பூர் மாங்கொல்லைக்குப் போய்க் கறிகாய் வாங்கி வந்திருக்கலாம். ஒருவழியாக என் பக்கங்கள் திறந்தன. கடைசிப் பக்கத்துக்கு இறங்கினேன். கரண்ட் போவதற்கு முன் நான் வைத்த கடைசி முற்றுப்புள்ளி, வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் அடித்த அரை வாக்கியம் மட்டும் இல்லை.

"மொத்தமும் இருக்கா?" மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"நாலு வார்த்தை போயிடுச்சு சார்" என்றேன்.

என் பங்கு முடிய இன்னும் இரண்டே பக்கம்தான். அதை முடித்துவிட்டுப் பேசாதவரிடம் கையை நீட்டினேன். "உங்களோடதுல பாதி கொடுங்க." அவர் தாள்களைக் கொடுத்தார். பிறகு மீசைக்காரரும் ஐந்து பக்கத்தைக் கூச்சத்தோடு நகர்த்தினார். அன்று நான் அடித்தேனே ஒரு அடி! ஹையர் பரீட்சையில்கூட அப்படி அடித்ததில்லை. விரல் எங்கே போகிறது என்று நினைக்கவே இல்லை. ஐந்தரை மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடைசித் தாள் பிரிண்டரிலிருந்து வந்தது. மேனேஜர் அதைக் கவரில் போட்டு, அவரே எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க மட்டும் எப்படிம்மா மறக்காம சேவ் பண்றீங்க?"

"நான் எங்க சார் பண்றேன்? என் இடது கை பண்ணுது" என்று சொல்லி, ஸ்கூட்டர் சாவியிலிருந்து காலண்டர் அட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க."

"மாசக் கடைசிக்கு தபால் பிரிவுன்னு சொன்னீங்களே சார்?"

"யாரு சொன்னா?" என்றார், பேப்பர்வெயிட்டைச் சுழற்றிக்கொண்டே.

சொல்லிக்கொடுப்பது எனக்கு, நான் பழகியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு பேருக்கும் டைப்ரைட்டர் பழக்கம் கிடையாது. ஏறி உட்கார ஒரு தோள் வேண்டுமே! இரண்டு நாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் மீசையை நீவுவது தெரிந்தது. "சேவ் பண்ணாம மீசையத் தொடக்கூடாது" என்றேன். பேசாதவர் அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "துடைக்கறதுக்கு முன்னாடி சேவ்" என்றேன். ஒரே வாரம். மீசைக்காரர் பிறகு கேன்டீனில்கூட, மீசைக்குக் கை போகும்போது மேஜையைத் தட்டிவிட்டுத்தான் போவார்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். வெயிலில் நடந்தே மயிலாப்பூர் வந்தேன். மாடவீதி முனையில் எப்போதும் கூட்டமாக இருக்கும் ஒரு ஓட்டல். வீட்டுக்காரரோடு போயிருக்கிறேன், சொந்தக்காரர்களோடு போயிருக்கிறேன். தனியாக ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. அன்று நுழைந்தேன். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த மேஜையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் வாசலைப் பார்த்தார். "இன்னும் யாரு வரணும்மா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்" என்றேன். "ஒரு நெய் ரவா தோசை. முறுகலா. அவசரம் ஒண்ணும் இல்ல, நல்லா வேகட்டும்."