வெள்ளெழுத்துக்கு வந்த கண்ணாடிப் பெட்டி

நான் இப்போது குடியிருக்கும் டென்மார்க் ஊரில், வரப்போகும் நவம்பர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நான் எங்கே இருப்பேன் என்று ஆகஸ்ட் மாதத்திலேயே கேட்கிறார்கள். கேட்பது போலீஸ் இல்லை. பழைய சாமான் கடை ஒன்றில் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் கிர்ஸ்டன் என்ற எழுபது வயது அம்மாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் மிஞ்சியதை அந்தக் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடை அதை விற்று, வருகிற பணத்தை ஏழை நாடுகளுக்கு அனுப்பும். அங்கே வேலை செய்யும் எல்லோரும் ‘ஃப்ரிவிலி’, அதாவது தொண்டர்கள். நம் ஊரில் தொண்டர் என்றால் கொடி பிடிப்பவர். இங்கே காப்பிக் கோப்பை கழுவுகிறவர். நானும் போன வருஷம் ஒரு ஃப்ரிவிலி ஆனேன். குளிர்காலத்தில் நாலு மனித முகம் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிர்ஸ்டன் கேட்டதற்கு நம் வழக்கப்படி, “பார்க்கலாம்” என்றேன். “எதைப் பார்ப்பீர்கள்?” என்றார். “இல்லை, வர முயற்சி செய்கிறேன்.” “முயற்சி தேவையில்லை, பஸ் இருக்கிறது” என்றார். ‘கட்டாயம் வாரேன்’ என்று சொல்லிவிட்டு வராமலிருப்பதில் உள்ள மரியாதையை இந்த நாட்டுக்காரர்களுக்கு எந்த மொழியில் விளக்குவது? பேசாமல் பென்சிலை வாங்கி, யார் எந்த நாள் வேலைக்கு வருவது என்ற பட்டியலில் அந்தச் செவ்வாய்க்கான கட்டத்தில் ஒரு குறி போட்டேன்.

முதல் நாள், இந்தக் கடைக்குத் தலைவர் யார் என்று விசாரித்தேன். கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தவரைக் காட்டினார்கள். ஏதோ தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம், அன்றைக்கு அவர் முறையாம். இத்தனை நாளில் ஒருவர் தோளிலும் பொன்னாடை விழுந்து நான் பார்க்கவில்லை. அதற்காக இவர்களைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். காப்பியோடு பிஸ்கட் வைக்கலாமா என்பதற்கு இரண்டு கூட்டமும் ஒரு வாக்கெடுப்பும் நடத்தினார்கள். பிஸ்கட் தோற்றுவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையின் பின்னறையில் ஓர் அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்தார் கிர்ஸ்டன். உள்ளே பழைய மூக்குக்கண்ணாடிகள். ஊர்க்காரர்கள் கழித்துப் போட்டவை. “ஏழை நாடுகளுக்கு அனுப்பப் போகிறோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் இவை என்ன ஆகும்? உங்களுக்குத் தெரிந்திருக்குமே” என்றார். தெரியும். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன். பின்னால் மில் முதலாளி முப்பந்தல் பக்கம் காற்றாலை போட்டதும், அதைப் பார்த்துக்கொள்ளப் போன நான் காற்றாலை செய்து கொடுத்த கம்பெனிக்காரர்களோடு டென்மார்க் வந்து சேர்ந்ததும் வேறு கதை. அந்த நாளில் எங்கள் தெருவில் நற்பணி மன்றம் ஒன்று இருந்தது. கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்த பரமசிவம் அண்ணாச்சி அதற்குத் தலைவர். இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அண்ணாச்சி உண்மையில் நல்ல மனிதர். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்ல மனிதர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் பந்தலைவிட போர்டு பெரிதாக இருக்கும். தண்ணீர் தீர்ந்து, பானை உடைந்து, பந்தல் சாய்ந்த பிறகும் போர்டு மட்டும் நிற்கும்.

மன்றத்துக்கு நன்கொடை கேட்டு நான் எழுதிய கடிதங்களில் ஒன்று எப்படியோ ஐரோப்பாவில் ஒரு கழகத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பணம் அனுப்பவில்லை. ஒரு பெரிய பெட்டி நிறையப் பழைய கண்ணாடிகளை அனுப்பினார்கள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. அதே மண்டபத்தை மறுநாள் காலைக்குப் பிடித்து, ‘கண்ணொளி வழங்கும் விழா’ என்று அழைப்பிதழ் அடித்தோம். சோழபுரத்திலிருந்தும் வ. புதுப்பட்டியிலிருந்தும் லாரியில் ஆட்களை ஏற்றி வந்தோம். மில்லிலிருந்தும் சிலர் வந்தார்கள். மூன்று மணி நேரம் பேச்சு. பாதிப் பேர் கண்ணை மூடித் தூங்கிவிட்டதால், கண்ணொளி எவ்வளவு அவசியம் என்பது மேடையில் இருந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

பிறகு வழங்கினோம். பெட்டிக்குள் கையை விட்டு, எது வந்ததோ அதை எடுத்து அமைச்சர் கையில் கொடுப்பேன். அவர் எதிரே நிற்பவரின் மூக்கில் மாட்டுவார். படம் எடுப்பார்கள். அடுத்த ஆள். சோழபுரத்து விவசாயி ஒருவருக்கு ரோஸ் நிறத்தில், பூனைக்கண் மாதிரி ஓரம் தூக்கிய பெண்கள் கண்ணாடி வந்தது. பவர் பலமாக இருந்திருக்க வேண்டும். மேடைப்படி எங்கோ தள்ளி இருப்பதாக நினைத்துக் காலை அகலமாக எடுத்து வைத்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். அந்தப் படமும் நன்றாக வந்திருந்தது.

எங்கள் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த செல்லத்தாயக்காவும் அந்த வரிசையில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை மாட்டியதும் கழற்றினார். “அண்ணாச்சி, இது எனக்குச் சேரல. வேற ஒண்ணு பாத்துக்கிடட்டுமா?” என்று மேடையிலேயே கேட்டார்.

“ஏட்டி, படம் எடுத்தாச்சுல்ல? எறங்கு, பின்னால ஆளு நிக்குது” என்றார் அண்ணாச்சி.

அக்கா இறங்கிப் போனார். நான் அடுத்த கண்ணாடியை எடுத்தேன்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். நூற்றுக்கணக்கான இருண்ட இல்லங்களில் விளக்கேற்றப்பட்டது என்றும், வயதான தாய்மார்கள் தங்கள் பேரப்பிள்ளைகளின் முகத்தை முதல்முறையாகப் பார்த்து அழுதார்கள் என்றும் இங்கிலீஷில் எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நன்றிக்கு அடையாளமாக அண்ணாச்சி இரண்டு கிலோ பால்கோவாவும் கப்பலில் அனுப்பினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை தங்களை நெகிழ வைத்ததாகவும், சோப்பு நல்ல மணமாக இருப்பதாகவும், ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

விழா முடிந்த மறுநாள் செல்லத்தாயக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முந்தானையை விரித்துக் காட்டினார். பதினோரு கண்ணாடிகள். அவர் தெருக்காரர்கள் திருப்பிக் கொடுத்தவை.

“தம்பி, ஒருத்தருக்கும் ஒண்ணும் சேரல. மிச்சப் பெட்டி இருக்குல்லா, அதக் குடுங்க. நான் பாத்துப் பாத்து மாட்டி விடுதேன்.”

“அது அண்ணாச்சி குடோன்ல இருக்குக்கா. அடுத்து கலெக்டர் வரும்போது விழா வைக்கணும்னு எடுத்து வச்சிருக்காரு.”

“கலெக்டர் எப்ப வாராரு?”

“தெரியல.”

அக்கா கண்ணாடிகளை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நூலு அறுந்தா எனக்கு முனை தெரிய மாட்டேங்கு தம்பி. பக்கத்து மெஷின் புள்ளைகதான் முடிச்சுப் போட்டுத் தருதுக. மேஸ்திரி கண்டுபிடிச்சுட்டாரு. அடுத்த மாசத்துல இருந்து கூட்டுற வேலைக்குப் போங்காரு. அதுவும் நெரந்தரமில்லயாம். வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்.”

விளக்கேற்றப்பட்ட இல்லங்களில் இவர் வீட்டையும் நான் எண்ணியிருந்தேன். குடோன் சாவி ஒன்று செயலாளர் என்ற முறையில் என்னிடம் இருந்தது. அன்று மத்தியானம் அண்ணாச்சி சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பொதுச்சேவையில் நான் செய்த முதல் காரியம் திருட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ரேஷன் கடைக்கு எதிரில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். கையில் ஓர் ஊசி, நூல், ஒரு முறத்தில் கல் கலந்த அரிசி. வருகிறவர் ஊசியில் நூல் கோர்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அரிசியில் கல் பொறுக்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு கண்ணாடியை மாட்டி மறுபடியும் பார்க்கச் சொல்வார். பத்து மாற்றி, இருபது மாற்றி, சரியான ஒன்று கிடைக்கும்போது அவர்கள் முகம் மாறும் பாருங்கள், அதை எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை. டெய்லர் ஒருவர் தன் சட்டையில் தானே போட்ட தையலைப் பார்த்து, “இம்புட்டுக் கோணலாவா தச்சிட்டு இருந்திருக்கேன்?” என்று திகைத்துப்போனார். பஸ் போர்டு தெரியாமல் கண்டக்டர் குரலை வைத்தே பஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவர், நாற்பதடி தள்ளி நின்ற பஸ்ஸின் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, போக வேண்டிய ஊர் எதுவும் இல்லாமலே அதில் ஏறப் போனார்.

அக்காவுக்குச் சேர்ந்தது பெட்டியின் அடியில் கிடந்தது. சிவப்பு நிறச் சட்டம், ஓரத்தில் மினுக்குக் கல். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்தபோது ரீலிங் பிரிவே மெஷினை விட்டுச் சிரித்தது. ‘வெள்ளக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். அக்கா நேராகத் தன் மெஷினுக்குப் போய் நின்றார். நூல் அறுந்தது. மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். அக்கா முனையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பி, “இன்னொண்ணு அத்து விடட்டுமா, பாக்கீகளா?” என்றார். கூட்டுகிற வேலையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் பரிசோதகராக இருந்த டேனியல் சாரின் காதுக்குப் போனது. கோபமாக வந்தார். “நீங்க என்ன டாக்டரா? புரை விழுந்த கண்ணுக்கெல்லாம் கண்ணாடிய மாட்டி விட்டுட்டு இருக்கீங்களா?” என்று சத்தம் போட்டார். அக்கா எழுந்து நின்று, “புரைன்னா எப்படி இருக்கும்னு சொல்லிக் குடுங்க சார். அவியள உங்ககிட்ட அனுப்பி வைக்கேன்” என்றார். டேனியல் சார் சத்தம் போட்டபடியே உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு எழுத்து அட்டையும் டார்ச்சும் கொண்டுவந்தார். அதன் பிறகு அவர் வராத ஞாயிறு குறைவு. சத்தம் மட்டும் கடைசிவரை குறையவில்லை.

கலெக்டர் வருவது உறுதியானதும் அண்ணாச்சி குடோனைத் திறந்தார். பெட்டி இல்லை. நான் உண்மையைச் சொன்னேன். நேராக வேப்பமரத்தடிக்கு வந்தார். அங்கே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். திருட்டுப் பழியைப் போடுவதா, படம் எடுப்பதா என்று அண்ணாச்சி யோசிப்பது முகத்தில் தெரிந்தது. படம்தான் ஜெயித்தது. “இது மன்றத்தோட தொடர் சேவைன்னு போட்டுருவோம்” என்று என் காதில் சொன்னார்.

“படம் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. மொதல்ல வரிசைல நில்லுங்க” என்றார் அக்கா. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நின்றார். முறை வந்தது. ஊசியை வாங்கினார். நூல் காதைத் தாண்டித் தாண்டிப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழைப்பிதழ், கடிதம், நான் எழுதிய அறிக்கை எல்லாவற்றையும், ‘நீயே வாசிச்சுருப்பா’ என்று ஏன் சொல்லிவந்தார் என்று. அக்கா யாரும் பார்க்காத மாதிரி ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, ஒன்றில் நிறுத்தினார். அண்ணாச்சி பையிலிருந்து கலெக்டர் விழா அழைப்பிதழை எடுத்துப் பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏலே, எம் பேர இம்புட்டுச் சின்னதாவா போட்டிருக்க?”

அன்றிலிருந்து அண்ணாச்சி அந்த இடத்துக்கு வேண்டியதைச் செய்தார். ஒரு தகர போர்டும் அடித்து வந்தார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, “வெயிலு மறைக்குமா?” என்று கேட்டு, நாலு கம்பு நட்டு மேலே கூரையாகப் போடச் சொன்னார். மன்றத்தின் பெயரும் தலைவரின் பெயரும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அவற்றைக் காக்கைகள் மட்டும் படித்தன.

கிர்ஸ்டனிடம் இத்தனையும் சொன்னேன். சோப்பைக்கூட மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. “அப்படியானால் பவர் பார்க்காமல் அனுப்புவது குப்பை அனுப்புவதுதான்” என்றார். உடனே ஒரு குழு அமைத்தார்கள். ஊர்க் கண்ணாடிக்கடைக்காரர் செவ்வாய்தோறும் வந்து ஒவ்வொன்றையும் அளக்க ஒப்புக்கொண்டார். பவர் எழுதிய சீட்டை வலதுபக்கம் கட்டுவதா இடதுபக்கமா என்பதற்கு மூன்று கூட்டம் நடந்தது. வலது ஜெயித்தது. அளந்த கண்ணாடிகளில் ஒரு பெட்டியை, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நானே எடுத்துக்கொண்டு போனேன்.

ரேஷன் கடை எதிரில் இப்போது சின்னக் கட்டடம் இருக்கிறது. மில்லில் ஓய்வு பெற்ற பெண்கள் நாலைந்து பேர் நடத்துகிறார்கள். செல்லத்தாயக்கா உள்ளே யாருக்கோ கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நோட்டு வைத்திருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.

“உள்ளூரா, வெளியூரா?”

“உள்ளூர்தான்.”

அவள் என் ஷூவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். “இப்ப எங்க இருக்கீக?”

“டென்மார்க்.”

“வெளியூர்க்காரங்களுக்கு மொதல்ல பாத்து அனுப்பிருவோம் சார், பஸ்ஸுக்குப் போகணும்லா? உள்ளூருன்னா செத்த நேரம் இருக்கணும். எதுல எழுதட்டும்?”

நான் எதையும் சொல்வதற்குள் அவள் உள்ளூர்ப் பத்தியில் எழுதி, அடித்து, வெளியூர்ப் பத்தியில் தொடங்கி, அதையும் அடித்தாள். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்டிருந்த கோட்டின் மேலேயே என் பெயரை எழுதி முடித்தாள். “போய் வரிசைல நில்லுங்க” என்றாள். எந்த வரிசையில் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு வரிசைக்கும் நடுவில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். வலப்பக்க வரிசையின் கடைசியில் நின்றவர் திரும்பி, “நீங்க இதுலயா?” என்றார். இடப்பக்கத்தில் நின்ற அம்மாளும் அதையே கேட்டார். நான் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தேன்.