பட்டியலில் இல்லாத சித்தப்பா

காலை ஆறு ஐம்பதுக்குப் போன் அடிக்கும். நான் குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டு நிற்பேன். போன் மேசையில் குப்புறக் கிடந்து அதிரும். நிமிர்த்திப் பார்க்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் எடுத்துக் கூப்பிடுவது ரொறன்ரோவிலிருக்கும் சித்தப்பாவின் மகன் ஒருவன்தான். அங்கே அது முந்தின நாள் பின்னேரம். மனைவி அறை வாசலில் வந்து நின்று என் கையைத்தான் பார்ப்பாள், போனுக்குப் போகிறதா தேநீர்க் கோப்பைக்குப் போகிறதா என்று. அடித்து ஓய்ந்ததும் இருவரும் மூச்சு விடுவோம். பதினொரு நாள் இப்படிப் போனது.

இந்தக் கூத்து ஒரு பயண இன்சூரன்ஸில் தொடங்கியது. சிட்னியில் கிரவீனிலும் அக்கம்பக்கத்திலும் இருந்து இருபத்தெட்டுப் பேர் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் குழுவாகப் போவதாக ஏற்பாடு. ஒழுங்குபடுத்தியவர் பெண்டில் ஹில் அன்ரி ஒருவர், ஓய்வுபெற்ற தாதி. முந்தின தடவை அவர் கூட்டிப்போன குழுவில் ஒரு அங்கிள் மதுரையில் படி தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அன்ரி பட்ட பாடு நாய் படாது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே பிடி.

“இன்சூரன்ஸ் பேப்பர் தராத ஆக்களை ஏயார்போட்டிலயே விட்டிட்டுப் போயிடுவன். சொல்லிப்போட்டன்.”

பயண நாள் முழுவதற்கும் காப்பு வேண்டும். இருக்கிற வருத்தம், நோய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்க வேண்டும். உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். இந்தப் பேப்பர்களைச் சேர்த்துச் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. பொடி எழுத்து வாசிக்கிற வியாதி எனக்கு உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. பிளாக்டவுனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்திலும் யாருக்கு ஒரு படிவம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

உடல் என்ற சொல்லைக் கண்டதும் ஒரு அன்ரி பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார். “கோயிலுக்குப் போகேக்கை பிரேதம் கொண்டுவாற கதை என்னத்துக்கு?” இன்னொரு அங்கிள் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதிவிட்டு, என் முன்னாலேயே சட்டைப்பையிலிருந்து இரண்டு குளிசை எடுத்து விழுங்கினார். ஒவ்வொருவரையும் பிடித்து இருத்தித் திருத்தி எழுதுவித்தேன். ஊரிலுள்ள சர்க்கரை, கொலஸ்ட்ரோல் எல்லாம் எனக்கு மனப்பாடமானது. மற்றவர்களுக்கெல்லாம் உபதேசம் சொன்ன நான் என் வீட்டுப் பேப்பரில்தான் மாட்டிக்கொண்டேன்.

பயணத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது சித்தப்பாவின் மகன் எடுத்தான். “அண்ணை, அப்பாவை ஹொஸ்பிட்டலில விட்டிருக்கு. ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை எண்டு டொக்டர் சொல்லுறார்.” நான் என்னவோ ஆறுதல் சொல்லி வைத்தேன். திரும்பினால் மனைவி கதிரையில் இருந்துவிட்டாள்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. எங்களுக்குள் தகப்பன் வழியில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கலியாணம் செய்த பெண்ணுக்குப் புருஷனுடைய வழிதான் தன்னுடைய வழி. ஆகவே சித்தப்பா என்னுடையவர், துடக்கு இரண்டு பேருக்கும். நேர்த்தி மட்டும் அவளுடையது. எங்கள் பேரன் ஏழாம் மாதத்தில் பிறந்து மெல்பேர்ண் ஆசுப்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவள் அங்குள்ள கேரம் டவுன்ஸ் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் நாங்கள் இருவருமாகப் பழனிக்குப் போய்ப் பால்குடம் எடுக்கிறது என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். நாங்கள்தான் போகவில்லை. ஒருமுறை கொரோனாவில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. இன்னொருமுறை டிக்கெட் எடுத்த பிறகு என் பெரியப்பா ஒருவர் வவுனியாவில் கண்ணை மூடினார். பேரனுக்கு இப்போது ஐந்து வயது. அவன் தும்மினாலும் இவள் திடுக்கிடுவாள். “முருகன் கேக்கிறான்” என்பாள்.

நான் பாலிசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த உறவினர் இறந்தால் பயணத்தை ரத்துச் செய்யலாம் என்று அதில் ஒரு பட்டியல். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரம், மாமனார் மாமியார், பேரப்பிள்ளை. அதோடு முடிந்தது. விடாமல் கம்பனிக்குப் போன் போட்டேன். ஒரு இளம்பெண் எடுத்தாள். நல்ல பொறுமைசாலி.

“அவர் உங்கள் அப்பாவின் தம்பியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அப்பாவின் சித்தப்பாவுடைய மகன்.”

“அதாவது அப்பாவின் கசின்.”

“எங்களுக்கு அவர் சித்தப்பா.”

“சரி. அவர் இறந்தால் நீங்கள் ஏன் பயணம் போக முடியாது?”

“கோயிலுக்குள் போகக் கூடாது.”

“கோயிலில் உங்களைத் தடுப்பார்களா?”

“கோயிலில் யாருக்கும் தெரியாது.”

“அப்படியானால் தடுப்பது யார்?”

“நாங்கள்தான்,” என்றேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். பயணி தானாக மனம் மாறினால் பாலிசி பொறுப்பேற்காது என்று அவள் பணிவாகச் சொன்னாள். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டாள். “உங்கள் சித்தப்பாவோடு பேசினீர்களா?” இது படிவத்தில் இல்லாத கேள்வி. பேசவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று பின்னேரம் மனைவி ஒரு தீர்ப்புச் சொன்னாள். “இனிக் கனடாப் போனை எடுக்காதேங்கோ. கேள்விப்பட்டால்தானே துடக்கு. முப்பத்தொண்டு கழிஞ்சு கேள்விப்பட்டால் தலைக்கு முழுகினால் சரி. இது நான் சொல்லேல்லை, ஆதியிலயிருந்து உள்ள வழக்கம்.”

“அதுக்காக ஒளிச்சுத் திரியிறதே?”

“ஓம். நான் சுயநலக்காரிதான். என்ர பேரனுக்காக.”

குடும்ப வாட்ஸ்அப் குழுவை மூடிவைத்தேன். சித்தப்பாவின் மகனிடமிருந்து வருவதையெல்லாம் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளினேன். அவன் குரல் செய்திகளும் அனுப்பியிருந்தான் என்பது மட்டும் தெரிந்தது. மெல்பேர்ணிலுள்ள மகளுக்கு எடுத்து, என்ன செய்தி வந்தாலும் எங்களுக்குச் சொல்லாதே என்றேன். “அப்பா, திஸ் இஸ் கிரேஸி. அவர் உங்கட சித்தப்பா,” என்று வைத்துவிட்டாள்.

இருப்புக்கொள்ளாத நாட்கள் அவை. ஆறு மணிக்கே முழிப்பு வந்துவிடும். ஆறு ஐம்பது வரைக்கும் குசினிக்கும் முற்றத்துக்கும் நடப்பேன். மணி அடித்து ஓய்ந்த பிறகும் நடப்பேன். மனுசன் போய்விட்டாரா, இருக்கிறாரா? இவ்வளவு ஒழுங்காக எடுக்கிறான் என்றால் போய்த்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுவேன். பிளாக்டவுன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது தெரிந்த ஒருவர், “உங்கட கனடாச் சித்தப்பா…” என்று தொடங்கினார். முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன். அறுபது வயதில், பட்டப்பகலில்.

சித்தப்பா என்னைவிடப் பதினொரு வயதுதான் மூத்தவர். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் எட்டு மாதம் இருவரும் விசாவுக்காகக் காத்திருந்தோம். அவருடைய குறட்டையைப் பற்றிச் சண்டை, நான் வைக்கும் சொதியைப் பற்றிச் சண்டை. கனடாக் குளிருக்கென்று அவர் நடைபாதைக் கடையில் ஒரு பெரிய கம்பளிக் கோட்டு வாங்கி வைத்திருந்தார். எனக்கு முதலில் விசா வந்தது. விமான நிலையத்தில் அந்தக் கோட்டை என் தோளில் போட்டுவிட்டார். “அவுஸ்திரேலியாவும் வெள்ளைக்காரன்ர தேசம்தானே. குளிரும்.” ஜனவரி வெயிலில் அந்தக் கோட்டோடு சிட்னியில் வந்து இறங்கினேன். அவர் பிறகு கோட்டு இல்லாமல் ரொறன்ரோவில் இறங்கினார். கோட்டு இன்றைக்கும் எங்கள் கராஜில் தொங்குகிறது. அந்தப் பதினொரு நாளில் ஒருநாள் அதை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். துடக்கு மட்டும்தான் என் கையைத் தடுத்தது என்றால் அது பொய். சாகப்போகிற மனிதரோடு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியின் தீர்ப்பு எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானம் ஏறினோம். அன்று காலையும் ஆறு ஐம்பதுக்கு அடித்தது. அதன் பிறகு அடிக்கவில்லை. அவனும் அலுத்துவிட்டான் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் அன்ரி இருபத்தெட்டுப் பேப்பரையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, “இனி ஆர் விழுந்தாலும் எனக்குக் கவலை இல்லை,” என்றார்.

பழனிக்கு வியாழக்கிழமை போனோம். மலையடிவாரத்தில் செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு துண்டைக் கையில் தந்து போனை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கிழமையில் முதல் தடவையாக என் சட்டைப்பை கனமில்லாமல் இருந்தது. மனைவி பால்குடத்தோடு ஒரு படியிலும் தரிக்காமல் ஏறினாள். முழங்கால் வலி என்று கிரவீனில் மாடி ஏறாத மனுசி! சன்னதியில் அவள் அழுதாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு முகம். ஐந்து வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது என்று கண்ணால் கண்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் நான் என்ன கும்பிட்டேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. சித்தப்பா இருக்கிறாரா, இல்லையா என்ற கேள்வியோடுதான் நின்றேன்.

கீழே வந்து துண்டைக் கொடுத்துப் போனை வாங்கியதும் மனைவி சொன்னாள். “இப்ப பாருங்கோ.”

“இன்னும் மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் கிடக்கு.”

“என்ர நேர்த்தி முடிஞ்சுது. எனக்கும் இவ்வளவு நாளும் நித்திரையில்லை. பாருங்கோ.”

தள்ளிவைத்திருந்த இடத்தைத் திறந்தேன். கடைசியாக வந்திருந்தது எழுத்தில் இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை காலமாகிவிட்டார் என்று ஒரே வரி. அதற்கு மேலே வரிசையாகக் குரல் செய்திகள். அவன் என்னை வரச்சொல்லிக் கேட்டிருப்பான், பிறகு ஏசியிருப்பான் என்று எண்ணி அவற்றை நான் தொடவில்லை. ஆக, துடக்கு எங்களுக்குப் பழனி அடிவாரத்தில் தொடங்கியது. அன்ரியிடம் சொன்னோம். முன்கூட்டியே திரும்ப முடியுமா என்று என் பேப்பரை எடுத்துப் பார்த்தார். சித்தப்பா அதிலும் இல்லை.

மறுநாள் மதுரையில் மற்றவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள். நாங்கள் இருவரும் பஸ்ஸுக்குள் இருந்தோம். கச்சான் கடலை விற்கிறவன் ஒருவன் யன்னலில் தட்டிவிட்டுப் போனான்.

“அவன் என்னதான் சொல்லியிருக்கிறான் எண்டு போடுங்கோவன்,” என்றாள் மனைவி. முதலாவதை அழுத்தினேன்.

“டேய், நான்தான். மகன்ர போனிலயிருந்து கதைக்கிறன். இன்னும் சாகேல்லை. எடு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். என் விரல் தானாக அடுத்ததை அழுத்தியது.

“நேற்றும் எடுத்தனான். வேலைக்கு வெளிக்கிடுற அவசரம் போல. அந்தக் கோட்டை வைச்சிருக்கிறியோ, எறிஞ்சிட்டியோ? இஞ்ச வந்திறங்கின அண்டு உன்னை நினைச்சு நான் திட்டின திட்டு…” சிரிப்பும் இருமலுமாக அது முடிந்தது. பிறகு வந்த சிலவற்றில் மூச்சும் பக்கத்து டிவியின் சத்தமும் மட்டும்தான். ஏழாவதில் குரல் இறங்கிப்போயிருந்தது.

“உன்ர மகளோட கதைச்சனான். எல்லாம் சொன்னவள். நீ துடக்குக்குப் பயந்துதான் எடுக்காமல் இருக்கிறாய். எனக்குக் கோவமில்லை. வாற வெள்ளி பிளேன் எண்டாள். அதுமட்டும் நான் சாகமாட்டன். சத்தியமாய்ச் சொல்லுறன். பயப்பிடாமல் எடடா.”

எட்டாவது: “திங்கள். இருக்கிறன்.”

ஒன்பதாவது: “செவ்வாய். இருக்கிறன்.”

பத்தாவது: “புதன். இருக்கிறன்.” அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

பதினோராவது நாங்கள் ஏறிய அன்று காலை வந்தது. “உங்களுக்கு இப்ப வெள்ளி விடிஞ்சிருக்கும். சரியடா. போயிட்டு வா.”

“என்னை ஏசுங்கோ,” என்றாள் மனைவி. “நான்தானே எடுக்கவேண்டாம் எண்டனான்.” நான் எப்படி ஏசுவது? பதினொரு காலையும் அந்த மனுசன் உயிரோடு கூப்பிட, செத்துவிட்டார் என்று முடிவுகட்டித் தேநீர் குடித்தவன் நான். முதலிலிருந்து திரும்பவும் போட்டேன்.

“டேய், நான்தான்,” என்றார் சித்தப்பா.

“ஓம் சித்தப்பா,” என்றேன், பஸ்ஸுக்குள், சத்தமாக.