தாகிர் பாயின் சிவப்புக் கொங்காணி

தாகிர் பாய் இறந்த செய்தி எனக்குப் போனில் வரவில்லை. கம்பத்து ஆஸ்பத்திரி வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்ற எங்கள் முன்னால் டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். பாயின் சிவப்புக் கொங்காணியின் ஒரு முனை அப்போதும் என் கையில் இருந்தது. விடச் சொன்னார்கள். விரல் பிரியவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை மலை நடைக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்தால் அது கொங்காணி. கடையில் வாங்கிய போஞ்சோ என்கிற மழை அங்கியும் அவருக்குக் கொங்காணிதான். “தலையில போட்டு மழைக்கு நின்னா கொங்காணி. பெறகென்னய்யா போஞ்சோ கீஞ்சோ?” என்பார்.

அவரோடு அதை வாங்கப் போனால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். தேனியில் ஒரு கடையில் விளிம்பைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் வெட்டி இழுத்தார். “கிழிச்சுப்புட்டு வேணாம்னு போயிராதீக பாய்!” என்று கடைக்காரர் பதறினார்.

“இங்கன கிழிஞ்சா உங்ககிட்டச் சண்ட போடலாம். மலையில கிழிஞ்சா யார்கிட்டப் போக?”

முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், முதுகுப் பையையும் சேர்த்து மூட வேண்டும். பச்சை கூடவே கூடாது. “மேகத்துக்குள்ள விழுந்து கெடந்தா, தேடி வாறவன் நம்மள மிதிச்சுட்டுப் போயிருவான்.” எல்லாம் பார்த்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: “ஆளத் தாங்குமா?” மழைக்குப் போடுவது எதற்கு ஆளைத் தாங்க வேண்டும் என்று நாம் எவ்வளவு கேலி செய்திருப்போம்! நான் வாங்கியதோ உள்ளங்கையில் அடங்குகிற மெல்லிசு. அதற்கு வெங்காயச் சருகு என்று பெயர் வைத்தார்.

போன ஞாயிறு மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டுகிற மழை. போனில் சிக்னல் இல்லை. ஜீப் நிற்பதோ வெகு கீழே. அவருடைய கொங்காணியையே விரித்து, அவரைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். சேற்றில் கால் நிற்கவில்லை. அல்லாவைக் கூப்பிட்டோம், முருகனைக் கூப்பிட்டோம். ஒருவரும் வரவில்லை. முகத்தில் மழை அடிக்கிறதே என்று என் சருகை அவர்மேல் போர்த்தினேன். காற்று அதைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் கண் திறந்தார்.

“சருகு பறந்துருச்சாய்யா?” என்று சிரிக்கப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பேசவில்லை. கத்தினேன், கெஞ்சினேன், “பேசித் தொலைங்க பாய்” என்று வைதேன்கூட.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி மைமூன் அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ரொம்ப நனைஞ்சாகளா தம்பி?”

“இல்லக்கா” என்று பொய் சொன்னேன்.

“கொங்காணிய நீயே வச்சுக்க. அந்தச் சருகோட மலைக்குப் போகாத. சொல்லிக்கிட்டே இருப்பாக.”

அது இப்போது என் வீட்டுக் கொடியில் கிடக்கிறது. விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டேன்; ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வெளியே இன்றைக்கும் மழை. அது உங்களைத் தாங்கிவிட்டது பாய். எனக்குத்தான் தாங்கவில்லை.